கொக்கியையும் சேர்த்து நீளம்

1

இந்தக் கதை துக்கத்தில் பிறக்கவில்லை. அளவெடுக்கும் டேப்பில் பிறந்தது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், தன் வீட்டு முன்புறம் கார் நிறுத்தும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, டேப்பின் ஒரு முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்தார். மறுமுனையை இழுத்துக்கொண்டு நான் கேட்டை நோக்கி நடந்தேன். டேப் கேட்டில் முட்டியது. அவர் அளவைப் படித்துவிட்டு, “சின்ன வண்டி எது வேணும்னாலும் நிக்கும் மாப்ளே,” என்றார்.

அந்த நொடியில்தான் எனக்குப் பெரிய கார் வேண்டும் என்று தோன்றியது.

இதற்கு முன் மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. இன்னொன்று ‘அவள் போன பிறகு’ என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவதில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஃப்ளாட்டில் ஜன்னலோரம் துணி காயப்போடும் ஸ்டாண்டு இருக்கிறது. உட்கார இடமில்லை.

2

என் மனைவி இறந்துவிட்டாள். கார் பற்றிய கதை என்பதால் விபத்து என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. காய்ச்சல், மருத்துவமனை, அவ்வளவுதான்.

[இங்கே அவளைப் பற்றி ஒரு பத்தி வர வேண்டும். அவள் தலை துவட்டும்போது... அவள் கோபப்பட்டால் முதலில்...]

வராது. அவளைக் கதாபாத்திரமாக்க எனக்கு இஷ்டமில்லை. உங்களுக்கு அவளைப் பிடித்துப்போகும். பிறகு நீங்களும் ஆறுதல் சொல்லக் கிளம்பி வருவீர்கள். ஏற்கனவே கூட்டம் அதிகம்.

3

அக்கா நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் எதிரி அவள்தான்.

அவள் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. ஆசிரியர் வராத வகுப்பு என்று ஒன்று இருந்தால் அவளுக்கு உடம்பு பதறும். யாரையாவது அனுப்பி நிரப்பிவிடுவாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள். என் சாப்பாட்டு நேரத்தை நிரப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளை நிரப்பினாள். கடைசியில் தன் வீட்டு மாடி அறைக்குப் பெயின்ட் அடித்து, கட்டில் போட்டு, திரைச்சீலையும் மாட்டிவிட்டு, “மேல ரூம் சும்மாதானேடா கிடக்கு,” என்றாள். ஃப்ளாட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு என்றாள். அங்கிருந்து என் அலுவலகம் தூரம் என்பதால் ஒரு கார் வாங்கிக்கொள், சின்னதாக, என்றாள்.

எல்லாவற்றுக்கும் நான் சரிக்கா என்றேன்.

அந்தச் சரிக்கு அர்த்தம் எதுவும் இல்லை. அந்த மாதங்களில் யார் என்ன கேட்டாலும் வாயிலிருந்து அதுதான் வந்தது. பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வலிக்கிறதா என்று கேட்பாரே, அப்போது தலையாட்டுவோமே, அப்படி.

(ஒரு சந்தேகம். இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவனை நாயகனாக வைத்து எவ்வளவு தூரம் கதை ஓட்ட முடியும்? வாசகர்கள் இவனை உலுக்க நினைப்பார்கள். நானும் நினைத்தேன். இவன் நான்தான் என்பதால் உலுக்க வசதிப்படவில்லை.)

4

கட்டடங்களுக்குப் படம் வரைவது என் தொழில். ஓர் இடத்தில் எது நுழையும், எது நுழையாது என்பதுதான் எனக்குச் சோறு போடும் அறிவு. அந்த அறிவை வைத்து நான் செய்த காரியம் இது: அக்கா வீட்டுக்குள் நுழையாத காரைத் தேட ஆரம்பித்தேன்.

வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்.

பெரிய அதிகாரிகள் பின்சீட்டில் ஃபைல் பார்த்தபடி போவார்களே, அந்த ரகச் செடான். ஐந்து மீட்டரை எட்டிப் பிடிக்கும் நீளம். கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடும். இரண்டாம் கைக்கு வரும்போது விலை படுத்திருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை மட்டும் புதுக் காரின் விலையை நினைவில் வைத்திருக்கும்.

பழைய கார் யார்டுக்குப் போனேன். அதை நடத்துபவருக்கு அந்த வட்டாரத்தில் சைலன்சர் என்று பெயர். வாய் ஓயாது. (பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி. அவளும் இப்படித்தான் எல்லாருக்கும்... இந்த அடைப்புக்குறியை மூடிவிடுகிறேன்.)

ஒரே மாடலில் இரண்டு கார்கள் நின்றன. சாம்பல் நிறத்தில் ஒன்று, ஆறு சிலிண்டர் டீசல். கருநீலத்தில் ஒன்று, நாலு சிலிண்டர் பெட்ரோல். டீசல் இழுக்கிற இழுப்பில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்றார் சைலன்சர். பெட்ரோல் சத்தமே இல்லாமல் இருக்கும், சிக்னலில் நிற்கும்போது ஆஃப் ஆகிவிட்டதோ என்று பயந்துபோவோம் என்றார். எது நல்லது என்று கேட்டேன். அவர் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“டெய்லி எவ்ளோ தூரம் ஓடும் சார்?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே விளக்கினார். டீசலுக்குத் தூரம் வேண்டும். புகையை வடிகட்ட உள்ளே ஒரு சாதனம் இருக்கிறது, நெடுஞ்சாலையில் விட்டு ஓட்டினால்தான் அதில் சேர்ந்த கரி சூடேறி எரியும். பக்கத்துத் தெரு, பக்கத்துக் கடை என்று ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். குறைந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான்.

ஆக, கேள்வி எஞ்சினைப் பற்றியதல்ல. ஃப்ளாட்டிலிருந்து அலுவலகம் நாலு சிக்னல். அக்கா வீட்டிலிருந்து என்றால் ஊரைச் சுற்றும் பைபாஸ் முழுக்க. நான் எங்கே குடியிருப்பேன் என்று அவர் கேட்டிருக்கிறார், தெரியாமலே. அந்த மாதங்களில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

“பக்கத்துலதான் ஓடும்,” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது.

5

வசதிகளைப் பற்றிக் கொஞ்சம்.* 

மேற்கூரைக் கண்ணாடி வேண்டாம். அதன் ஓரக் குழாய்கள் அடைத்துக்கொண்டால் மழைநீர் தலையில் இறங்கும். காற்றுப்பைகளில் மிதக்கும் சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம். வயதானால் இரவில் காற்றுப்போய், காலையில் கார் தரையோடு படுத்திருக்கும். காலையில் படுத்துக் கிடக்க வீட்டில் நான் ஒருவன் போதும். பெரிய சக்கரம் பார்க்கிறவர்களுக்கு, சின்னச் சக்கரம் உட்காருகிறவர்களுக்கு. பின்னால் பார்க்கும் கேமரா இருக்கட்டும்.

கருநீலக் காரில் சீட்டுகளுக்கு ஞாபகசக்தி இருந்தது. பொத்தானை அழுத்தினால் முன்பு உட்கார்ந்தவருடைய நிலைக்குத் தானாக நகரும். பக்கத்துச் சீட்டின் இரண்டாம் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது. சீட்டு முன்னால் நகர்ந்து, உயர்ந்து, சாய்வு நிமிர்ந்து, யாரோ ஒரு குள்ளமான பெண் உட்காரும் இடத்தில் வந்து நின்றது.

இங்கே நீங்கள் தொண்டையைச் செருமிக்கொள்வீர்கள் என்று தெரியும். நல்ல காட்சிதான். எழுதத் தெரிந்தவன் எவனும் விடமாட்டான். காலிச் சீட்டு, யாருடைய நினைவோ...

என் மனைவி என்னைவிட உயரம்.

* வாசக நண்பர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் இதை மட்டும் படித்தால் போதும்.

6

அக்காவுக்கு ஃபோன் செய்து, பார்த்துவைத்திருக்கும் கார் உங்கள் வீட்டில் நுழையாது என்றேன். வருத்தமான குரலில் சொன்னேன். நன்றாகவே நடித்தேன். நீளத்தை மட்டும் சொல்லு என்றாள். சொன்னேன். சரி, விடு என்று வைத்துவிட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஒரு பக்கக் கதை. தலைப்பு ‘நீளம்’.

அடுத்த வாரம் அத்தான் அழைத்தார். உள்பக்கம் திறந்த கேட்டைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டில் தள்ளுகிற கேட்டாக மாற்றியாயிற்று, செடிகொடியெல்லாம் எடுத்தாயிற்று, சுவரோரத் திண்டையும் இடித்தாயிற்று. இப்போது நீ சொன்ன வண்டி, கேட்டுக்கும் அதற்கும் நடுவே நாலு விரல்கடை இடம் விட்டு நிற்கும். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அந்தச் செடிகள் என்றால் உயிர்.

இப்படி ஓர் அன்பை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது? எனக்குத் தெரியவில்லை. யார்டுக்குப் போய்க் கருநீலக் காரைச் சுற்றி வந்தேன். பின்னால் வந்து நின்றேன். பம்பருக்குக் கீழே, முட்டியளவு உயரத்தில், ஓர் இழுவைக் கொக்கி. பழைய சொந்தக்காரர் அதில் படகு மாட்டி இழுத்துப் போவாராம். ஒரு சாண் வெளியே நீண்டிருந்தது.

நாலு விரல்கடை எங்கே, ஒரு சாண் எங்கே.

(என்னைக் கோழை என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் ஏற்கனவே எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.)

7

அக்காவும் அத்தானும் யார்டுக்கே வந்துவிட்டார்கள். அத்தான் பாக்கெட்டில் டேப். முன் பம்பரிலிருந்து பின் பம்பர்வரை அளந்து திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கொக்கியைக் கவனித்தார்.

“இது எதுக்கு மாப்ளே?”

எனக்கு இது வேணும் என்றேன்.

“படகு வச்சிருக்கியா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா.”

“வாங்கப் போறியா?”

“இல்ல.”

“அப்புறம் எதை இழுக்கப் போற? என்னையா?”

கொக்கியோடு சேர்த்தால் கேட் மூடாது என்று அத்தானிடம் சொன்னேன். அதற்குள் சைலன்சர் குறுக்கே புகுந்து, அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, நாலு போல்ட்தான், இப்பவே கழட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஸ்பானர் எடுக்கவும் கிளம்பிவிட்டார்.

மொத்தக் கதையையும் ஒரு கொக்கியில் மாட்டிவைத்திருந்தேன். நாலு போல்ட்.

அத்தானுக்கு வேறு ஒரு குறை இருந்தது. பெட்ரோல் எதற்கு, நம்ம வீட்டிலிருந்து போய்வர டீசல்தானே கட்டுப்படியாகும், அந்தச் சாம்பல் வண்டியையே முடித்துவிடலாமே என்றார். ஸ்பானரோடு வந்த சைலன்சர் என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “சார் தெளிவா சொல்லிட்டாரே சார். பக்கத்துலதான் ஓடும்னு. அதுக்குப் பெட்ரோல்தான் கரெக்ட்.”

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. சைலன்சரைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ‘பக்கத்துல’ போதுமானதாக இருந்தது. அவள் முகத்தில் ஏதோ அணைந்தது. [வேறு மாதிரி எழுத வேண்டும். முகத்தில் எதுவும் அணையவில்லை. கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.]

கழட்ட வேண்டாம் என்று சைலன்சரிடம் சொன்னேன். பிறகு அவளிடம் சொன்னேன்.

“நான் மேல ரூமுக்கு வரலக்கா.”

“வராம?”

“வீட்லயே இருக்கேன்.”

“அங்க யாருடா இருக்கா?”

சத்தமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். யார்டில் யாரோ ஒரு காரை ஸ்டார்ட் செய்து அணைத்தார்கள்.

“நான் இருக்கேன்,” என்றேன்.

8

முடிவுகள்.

அ. அக்கா அழுகிறாள், நானும் அழுகிறேன், அத்தான் டேப்பைச் சுருட்டுகிறார். வேண்டாம். அந்த மாதங்களில் நான் அழவே இல்லை. உங்களுக்காக இங்கே ஆரம்பிக்க முடியாது.

ஆ. கருநீலக் காரை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக நீண்ட பயணம் போகிறேன். வழியில் மனம் இளகுகிறது. தூரம் போகிறவன் டீசல் வாங்கியிருப்பான்.

இ. சில வருடம் கழித்து அந்தப் பக்கத்துச் சீட்டில் வேறொரு... இந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிக்க மாட்டேன்.

நடந்தது எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன். சாவி கைக்கு வந்தது. அக்கா இரண்டு கார்களுக்கும் நடுவே நின்றாள். ஒரு பக்கம் அத்தான் அவர்கள் காரில் ஏறிக் காத்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் நான் எஞ்சினை ஓடவிட்டிருந்தேன். அது ஓடுவதே கேட்கவில்லை. பிறகு அவள் ஒரு கதவைத் திறந்தாள்.

எந்தக் காரின் கதவு என்று நான் எழுதப்போவதில்லை. அவள் கோபம் அவளுடையது, அவள் சமாதானமும் அவளுடையது. நான் எழுதித் தீர்மானிக்க அவள் என் மாடி அறை இல்லை.

வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை எதில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள். அழவையுங்கள், திட்டவையுங்கள், பாதி வழியில் இறங்கி நடக்கவையுங்கள். வண்டியின் நிறத்தைக்கூட மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை.

என்னை வீட்டில் இறக்கிவிட வேண்டும். என் வீட்டில்.