வாயசைத்த பட்டன்

எதிர்வீட்டு மருமகள் ரேடியோ பொறியாளர். எங்கள் மாடியில் அவளுக்கு ஆன்டெனாக்காரி என்று பெயர், வைத்தவள் நான்தான். அவள் மாமனாருக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தால் இறங்கிப் போய்விடுவார், திரும்பி வரத் தெரியாது. கழுத்தில் எதை மாட்டினாலும் கழற்றி எறிவார். அதனால் பட்டன் அளவில் ஒரு ரேடியோ செய்து சட்டையில் தைத்துவிட்டால், தெருமுனை வரை போனாலும் அதன் சத்தத்தைப் பிடிக்கும் பெட்டி வீட்டிலிருந்தே காட்டிக்கொடுக்கும் என்பது அவள் கணக்கு.

புருஷன்காரன் கெடு வைத்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வெளியில பூட்டுதான்."

"உங்கப்பாவ உள்ள வச்சா? தீப்பிடிச்சா என்ன பண்ணுவாரு?"

அவன் பேப்பரைப் புரட்டினான்.

சர்க்கரை கேட்கும் சாக்கில் நான் எட்டிப்பார்த்தேன். ஆன்டெனாவாக ஒரு சாண் கம்பி கேட்கிற வேலைக்கு, நகத்தளவு இடத்தில் மடித்து மடித்து ஒரு செம்புக் கோடு போட்டிருந்தாள்.

"சின்னதா இருந்தா நல்லதுதானே?"

"சின்ன ஆன்டெனா கடைஞ்செடுத்த கஞ்சம் அக்கா. பத்து பங்கு சக்தி குடுத்தா ஒண்ணத்தான் வெளிய விடும். மிச்சத்தச் சூடாக்கித் தானே தின்னுடும்."

ஆனாலும் மேசையில் வைத்து, அளக்கும் கருவியோடு வயரால் இணைத்தபோது, தெருமுனையில் பெட்டியோடு நின்ற புருஷனுக்குச் சத்தம் கேட்டது. அன்று அவள் சிரித்ததை நான் பார்த்தேன். அது நிலைக்கவில்லை. வயரைக் கழற்றி, குட்டி பேட்டரி வைத்து, சட்டையில் தைத்து மாமனாரை நடத்திப்போனாள். மாடிப்படி தாண்டியதுமே பெட்டி ஊமையாகிவிட்டது.

"பட்டன் செத்துப்போச்சா?"

"பட்டன் என்னைக்குமே சரியாப் பாடல அக்கா. அளக்குறதுக்கு மாட்டுன வயர்தான் ஆன்டெனாவா இருந்து பாடியிருக்கு. இது சும்மா வாயசைச்சிருக்கு."

"பின்னணிப் பாட்டுன்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை துளை போடும் மெஷின் சத்தம். தாழ்ப்பாளுக்காக அவன் கதவுநிலையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க. படி வரைக்கும் கேக்குதில்ல?"

"படி வரைக்கும் கேட்டு என்ன ஆகப்போகுது?"

"கேக்கற வரைக்கும் அவரு வீட்டுல இருக்காரு. கேக்காம போச்சுன்னா மணி அடிக்கட்டும்."

மெஷின் நின்றது. சத்தம் நின்றால் மணி அடிக்கும்படி மத்தியானத்துக்குள் பெட்டியை மாற்றிவிட்டாள். மாமனார் படியிறங்கினார், மணி அடித்தது. தாழ்ப்பாள் வேண்டாமென்றாயிற்று.

ஆனால் மேலே படுத்தால் உடம்பும் பட்டனின் சத்தத்தை விழுங்குமாம். அது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. மணி அலறியது. அவள் படியில் ஓட, அவன் தெருவுக்கு ஓட, நானும் ஓடினேன். எனக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். கீழே யாரும் இல்லை. மூவரும் திரும்பி வந்து அறையைத் திறந்தால், மாமனார் பட்டனை நெஞ்சடியில் வைத்துக் குப்புறப் படுத்திருந்தார்.

"என்னம்மா, யாராவது காணாமப் போயிட்டாங்களா?"

"இல்ல மாமா," என்று அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள். மணி அடங்கிவிட்டது.