பதினேழாம் பயனர்

பதினொன்று இருபது. எங்கள் சுவர்க்கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும், ஆகவே பதினொன்றேகால், இக்ராம் வந்து ஒரு மணித்தியாலமாகிறது, அவனுடைய மடிக்கணினி இன்னும் மூடியபடியே மேசையில் கிடக்கிறது, மூடிக் கிடக்கும் வரைக்கும் நல்லது. அவன் இருக்கும் கதிரை அவனுடைய கம்பனியின் கதிரை. அவனுக்கு அது தெரியவில்லை. கறுப்புக் கதிரை, ஐந்து சில்லில் ஒன்று இல்லை, இடப்பக்கம் சற்றுச் சரியும். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் தெஹிவளைக் கந்தோரை மூடியபோது, ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள் என்றான், நான் இதைத் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றினேன், இருக்கை கிடைக்கவில்லை, கந்தளாய் வரைக்கும் பஸ்ஸின் நடுவில் இதிலேயே இருந்து வந்தேன், சனம் சிரித்தது. இப்போது அவன் இதில் சரிந்தபடி வரப்போகும் காலத்தைப் பற்றிச் சொல்கிறான். தலைமயிருக்கு மை பூசியிருக்கிறான், காதோரம் மட்டும் தவறிவிட்டது. "ஆக்கள் மாறல்ல மச்சான், போன் மட்டுந்தான் மாறியிருக்கு. கரைவலையத் திருப்பி இறக்குவம்." ஒரு மணிக்கு வெளிக்கிடுவானாம், அதற்குள் ஓமா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம், ஓம் என்றால் மறுபடி கொழும்பு, முதல் ஒரு வருஷம் மட்டும். போன முறையும் ஒரு வருஷம் என்றுதான் சொன்னான். கீழே என் கடை அரைக்கதவு சாத்திக் கிடக்கிறது, உடைந்த போன் திரைகள், வீங்கிய பற்றரிகள், மீன் சந்தைக்காரர்களின் செதிள் ஒட்டிய போன்கள். அலுப்புத்தான். ஓம் சொல்லவும் அலுப்பு, இல்லை சொல்லவும் அலுப்பு. ஆனால் என் பயம் அதுவல்ல, அந்தக் கணினிக்குள் ஒரு படம் இருக்கிறது, அதில் இருப்பது என் மனைவி, இக்ராமுக்கு அது தெரியாது, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் பஹ்மியாவுக்கும் தெரியாது.

படம் என்றால் முகம் இல்லை. புள்ளிகள். எப்படிச் சொல்வது... கரைவலை எங்கள் விளையாட்டு, சமூக வலைத்தளத்தில் சனம் விளையாடியது. ஒருவர் கடலில் வலையை விடுவார், எட்டு மணித்தியாலம் கழித்து அது கரைக்கு வரும், ஆனால் தனியாக இழுக்க முடியாது, நண்பர் ஒருவராவது கயிற்றைத் தொட வேண்டும், தொட்டவருக்கும் மீனில் பங்கு, நேரத்துக்கு எடுக்காவிட்டால் மீன் நாறிவிடும். அவ்வளவுதான். இந்த யோசனை என்னுடையது என்று எல்லாரும் சொன்னார்கள், என்னுடையது ஒன்றுமில்லை, எங்கள் கடற்கரையில் நடப்பதைத்தான் சொன்னேன். வலை கரைக்கு வருமுன் கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி அவனுக்குக் கறிக்கு மீன் கொடுத்தே ஆக வேண்டும், வழியால் போனவனுக்கும். டயர்க் கடைக்கு மேலே ஆறு பேர் இருந்தோம், இதைச் சொன்னதும் இக்ராம் எழுந்து நின்றான், "டேய், இதுதான்டா," என்றான். எட்டு மாதத்தில் அறுபது பேர். பத்திரிகையில் படம், உட்காருவதற்குப் பை போன்ற மெத்தைகள், யாரும் அடிக்காத ஒரு கரம் போர்ட். எங்கேயோ அமெரிக்காவில் கடலையே காணாத ஊர்களில் கிழவிமார் கயிற்றைப் பிடித்தார்கள். சுவரில் ஒரு பெரிய திரை, அதில் ஓர் எண், இந்த நிமிடம் எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்று. அந்த எண் ஏறும்போது வயிற்றுக்குள் ஏதோ ஏறும். அமெரிக்காவின் பின்னேரம் எங்களுக்கு விடியற்காலை, ஆகவே இராவேலை, பகலில் நித்திரை, பஹ்மியா பின்னேரம் எடுத்தால், மீட்டிங், பிறகு எடுக்கிறேன். பிறகு எடுத்தேனா? சில நாள் எடுத்தேன். அப்போது சுஹைரா நாலு மாதக் குழந்தை. இப்போது அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை, வகுப்புக்குப் போயிருக்கிறாள், வரப் பன்னிரண்டரையாகும்.

கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பல் ஹோர்ன் அடிக்கிறது, யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்கிறது, இக்ராம் நிறுத்திவிட்டுக் கேட்கிறான், "எந்த நாளும் இப்பிடியா?" ஓம் என்கிறேன். அவன் தொடர்கிறான், முதலீட்டுக்காரர் இருவர் தயாராம், ஒருவர் டுபாயாம், பழைய ஆவணம் எல்லாவற்றையும் அவன் பத்திரமாக வைத்திருக்கிறானாம், அந்தப் பதினேழையும்கூட. "அத மறக்க ஏலுமா மச்சான்? அதக் காட்டினாப் பிறகுதானே அவங்க கை தந்தாங்க." மறக்க ஏலாது. அப்போது பணம் போடச் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களுக்கு ஓர் ஆளைக் காட்ட வேண்டியிருந்தது, இலட்சம் ஆட்களை அல்ல, ஓர் ஆளை, இந்த விளையாட்டுக்காக நித்திரையை விட்டு எழும்பும் ஓர் ஆளை. பதிவுகளில் தேடினேன். எல்லாரும் ஒழுங்கில்லாமல் வந்தார்கள், ஒருநாள் வருவார்கள், மூன்று நாள் வரமாட்டார்கள். பஹ்மியாவின் எண் எனக்குத் தெரியும், நான்தான் அவளுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தேன், சும்மா பார்த்தேன். பார்த்தால், மூன்று பத்து, மூன்று பத்து, மூன்று பதினொன்று, மூன்று பத்து. மாசி முதல் புரட்டாதி வரை. மஹ்ரிபு தொழுது பிள்ளைக்குப் பால் கொடுத்து ஏழு மணிக்கு வலையை விடுகிறாள், விடிய மூன்று பத்துக்கு எழும்பி வருகிறாள். என் உடம்பு குளிர்ந்தது. சந்தோஷத்தில். அதைத்தான் இன்றைக்கு நினைக்க முடியவில்லை, அது சந்தோஷம். பெயரை எடுத்துவிட்டு பயனர் பதினேழு என்று போட்டேன், நாளுக்கொரு கறுப்புப் புள்ளி, அவளிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சிரித்திருப்பாளா? சிங்கப்பூர்க்காரர் கை தட்டினார்கள், நான் எழுந்து நின்றேன்.

புள்ளிகளுக்கு இடையில் வெற்றிடங்கள் இருந்தன, இரண்டு நாள் இருக்காது, பிறகு பன்னிரண்டு நாள் தொடர்ச்சியாக இருக்கும், மறுபடி இரண்டு நாள் இருக்காது. பன்னிரண்டு பேர் அறையில் இருந்து அதைப் பற்றிக் கதைத்தோம். சேர்வரில் பிழையா என்று நானே இரண்டு நாள் தேடினேன். இன்னொன்றும் இருந்தது, அவள் வந்தால் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை, சில நாள் மீனை எடுப்பதுமில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள். மீன் எடுக்கும் பொத்தான் சின்னது, கண்ணில் படவில்லை என்று முடிவெடுத்தோம். பொத்தானைப் பெரிதாக்கினோம். அடுத்த நாளும் அவள் எடுக்கவில்லை. மூன்று மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு நான் ஒரு வேலை செய்வது வழக்கம், கயிறு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு, எங்கள் வேலையாட்களின் வீட்டுக்காரர் கணக்குகளுக்குள் போய் ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்ப்பது, நாலைந்து பேர், பஹ்மியாவும் ஒன்று. தொட்டால் அவள் திரையில் என் பெயரோடு ஒரு வரி விழும், நஸ்ரி கயிறு பிடித்தார். சோதனை, அவ்வளவுதான். பிறகு ஐப்பசியில் இக்ராம் சொன்னான், சனம் ஆளுக்கு ஆள் காத்திருக்குது, காத்திருக்கிற நேரம் எங்களுக்கு நட்டம், இனி மெஷின் கயிறு பிடிக்கட்டும். மெஷின் பிடித்தது. வலை வந்த செக்கனிலேயே பிடித்தது, பெயர் விழவில்லை, கயிறு பிடித்தாயிற்று என்று மட்டும் விழுந்தது. மூன்று மணி வேலை எனக்கு மிச்சம், சுருண்டு படுத்தேன். மெஷின் வந்த பதினோராம் நாளோடு பயனர் பதினேழு வரவில்லை. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு கிழவிமார், பிறகு எல்லாரும், சுவரில் எண் இறங்கியது, வலைத்தளம் விதியை மாற்றியது என்றோம், சனம் போனுக்குப் போய்விட்டது என்றோம், அதுவும் உண்மைதான், எல்லாம் உண்மைதான், ஒரு விளையாட்டு சாவதற்கு எத்தனையோ காரணம்.

பஹ்மியா குசினியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், கை முழுக்கத் தேங்காய்ப்பூ. "இக்ராம் நானா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும், கிண்ணியாவிலருந்து உம்மா இறால் அனுப்பியிருக்கிறா." சாப்பிடாமல் போவேனா தங்கச்சி என்கிறான் இவன். அவள் போகவில்லை, கதவு நிலையில் சாய்கிறாள். "போன முறை வந்து என்ட புருஷன மூணு வருஷம் கொண்டு போனீங்க. திருப்பித் தரக்குள்ள கதிரையோட வந்தாரு. இந்த முறை என்னத்தோட வருவாரு?" இக்ராம் சிரிக்கிறான், கதிரை என்ன கதிரை என்று கேட்கவில்லை. "இந்த முறை காரோட அனுப்புறன்." "காரு வேணா. ஆளு நித்திர கொண்டு வரணும், போன தரம் ஒரு மாசம் பகலெல்லாம் நித்திர. பிள்ள பயந்து, வாப்பா மௌத்தாகிட்டாரோண்டு கேட்ட." இதைச் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரிப்பு என் பக்கம் வரவில்லை. அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, போகாதீங்க என்றும் சொல்லவில்லை, நேற்றிரவு கேட்டபோதும், நீங்க யோசிங்க என்று மட்டும் சொன்னாள். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள், விடை சொல்ல மாட்டாள், பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாது, இலட்சம் ஆட்கள் எத்தனை மணிக்கு எழும்புவார்கள் என்று தெரிந்திருந்தது.

இல்லை என்று சொல்லிவிடலாம். இப்போதே சொன்னால் கணினி திறக்க வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான், பதினேழு அதற்குள்ளேயே கிடக்கும். சொல்லு. வாயைத் திற. ஆனால் வயிற்றுக்குள் அந்த எண் கொஞ்சம் ஏறுகிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும்... வெட்கம். அந்த இடைவெளிக்குள் இக்ராம் கணினியைத் திறந்துவிட்டான். "அத விடு மச்சான், கீழ கடைக்குப் போய்க் கதைப்பம்," என்கிறேன். "இரு, இரு, தங்கச்சியும் பாக்கட்டும். வாங்க தங்கச்சி. இது உங்கட மனுஷன்ட மூள." பஹ்மியா கையைக் கழுவிவிட்டு, தேத்தண்ணித் தட்டோடு வருகிறாள். திரை வெள்ளை, அதில் புள்ளிகள், மேலே மூன்று பத்து என்று நான் கொட்டை எழுத்தில் போட்டது அப்படியே இருக்கிறது.

"என்ன இது, அம்மை போட்ட மாதிரி?"

"ஒரு ஆள். கம்பனிக்கு ஆருண்டு தெரியா, நம்பர் மட்டுந்தான். எந்த நாளும் விடிய மூணு பத்துக்கு எழும்பி எங்கட மீன எடுக்க வந்திருக்கு. பாருங்க, எத்தின மாசம்!"

அவள் தட்டை வைக்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தபடி குனிந்து, மற்றக் கை விரலைத் திரையில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்துகிறாள், வகுப்பு இடாப்புப் பார்க்கிறவள், வராத நாள்தான் முதலில் கண்ணில் படும். விரல் வெற்றிடத்தில் நின்றது. மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது. "அதுதான் ஒருத்தருக்கும் விளங்கல்ல," என்கிறான் இக்ராம், "பன்னிரண்டு பேர் இருந்து யோசிச்ச."

"ஒண்டு விட்ட கிழமை," என்றாள். "சனியும் ஞாயிறும்."

"ஓம், ஏன் அப்பிடி?"

"வீட்ட ஆரும் வந்திருப்பாங்க."

சாதாரணமாகச் சொன்னாள், பாடசாலைக்கு வராத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. வெள்ளி இரவு பஸ், சனி விடிய திருகோணமலை, ஞாயிறு பகல் திரும்பும் பஸ், இரவு மறுபடி கந்தோர், இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மூன்று வருஷம். என் கால் அந்தப் பாதையை அறியும், என் கண் இந்தப் படத்தை அறியும், ஏன் இரண்டும் ஒருநாளும்... மீனை எடுக்காமல் போன நாட்கள். ஒரு நிமிடம். அந்த ஒரு வரி விழும் வரைக்கும். நாங்கள் பொத்தானைப் பெரிதாக்கினோம். இக்ராம் தொடையில் தட்டிச் சிரிக்கிறான், "பாத்தியா மச்சான், இவவையும் வேலைக்கு எடுப்பம்," கதிரை இடப்பக்கம் சரிகிறது, அவன் மேசையைப் பிடிக்கிறான். தட்டில் தேத்தண்ணி தளும்பவில்லை. அவள் விரல் கடைசிப் புள்ளிக்கு வந்து, அதற்கு அப்பால் வெள்ளைக்குள் கொஞ்சத் தூரம் போய் நின்றது. பிறகு நிமிர்ந்தாள், இக்ராமைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பொறகு இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்த?"