பெயர் வேண்டாத தெரு

வைகாசி பிறந்த மூன்றாம் நாள் எங்கள் தெரு எங்களை விட்டுப் போய்விட்டது. காலையில் வாசல் தெளிக்க வாளியோடு கதவைத் திறந்தேன். நேராக எதிர்வீட்டுக் கூடம் இருந்தது. நடுவில் தெரு இல்லாததால் இரண்டு வரிசை வீடுகளும் வாசலோடு வாசல் ஒட்டிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு ராயப்பன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தெரு போயிடுச்சு போல" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அதுதான்.

பேசாமல் இருந்ததற்குக் காரணம் கட்சி. அவர் சீப்புக் கட்சியின் வட்டச் செயலாளர். அவர் வரிசை முழுவதும் சீப்பு. எங்கள் வரிசை முழுவதும் கண்ணாடிக் கட்சி. என் கணவர் கதிரேசன் கண்ணாடிக்குக் கொடி கட்டியவர். எனக்கு இரண்டிலும் பிடிப்பு இல்லை. இருப்பது இருக்கட்டும் என்பதுதான் என் அரசியல். வீட்டு வரியைக் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுவேன். இலவசமாக எது வந்தாலும் வாங்கமாட்டேன். மாமனார் காலத்து மின்விசிறிதான் எங்கள் கூடத்தில் இன்னும் சுற்றுகிறது.

பழையதைக் காப்போம் என்று சீப்புக் கட்சி சொன்னபோது அதற்கு ஓட்டுப் போட்டேன். ஜெயித்ததும் எங்கள் மேட்டுத்தெருவுக்குத் தங்கள் தலைவரின் பெயரை வைத்தார்கள். பழைய பெயரை மீட்போம் என்று கண்ணாடிக் கட்சி சொன்னது. அதற்குப் போட்டேன். அவர்கள் தங்கள் தலைவரின் மாமியார் பெயரை வைத்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர் மாறியது. ஒவ்வொரு முறையும் பலகை நடுவதற்குத் தெருவின் இரண்டு முனைகளிலும் குழி தோண்டினார்கள். தெருவும் எவ்வளவு காலம் பொறுக்கும்.

என் கவலை வேறு. வெள்ளிக்கிழமை என் மகள் உமையாளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து வேன் வைத்து வருகிறார்கள். வேன் வந்து நிற்கத் தெரு வேண்டும்.

கவுன்சிலர் தேர்தல் நெருங்கியிருந்தது. மதியம் இரண்டு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவர் கொல்லைப்புறம் வழியாக வந்தார்கள். தேர்தல் முடிந்ததும் சிமென்ட் தெரு தருவதாகச் சீப்புக் கட்சிக்காரர் சொன்னார். கண்ணாடிக் கட்சிக்காரர் தார்த் தெரு தருவதாகவும், நடுவில் பூச்செடி வைப்பதாகவும் சொன்னார்.

"புதுசா எதுவும் வேணாங்க. இருந்ததை எடுக்காம இருந்தாப் போதும்" என்றேன்.

இருவரும் தங்கள் தேர்தல் அறிக்கையைப் புரட்டினார்கள். "அது எங்க அறிக்கையில இல்லையேம்மா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு வந்த வழியே போனார்கள்.

தன் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராயப்பன் அண்ணன் அவர்களோடு போகவில்லை. "தங்கச்சி, நானும் இதைத்தான் எங்க கூட்டத்துல சொல்லிப் பாக்குறேன். சொல்ல ஆரம்பிச்சதும் மைக்கை அணைச்சிடுறாங்க" என்றார்.

என் கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்க கட்சியில மைக்கே குடுக்கிறதில்ல" என்றார். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் பால்காரர், மூடிக்கிடக்கும் சர்க்கரை ஆலைக்குப் பின்னால் பொட்டலில் தெரு படுத்திருப்பதாகச் சொன்னார். இரண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ளக் கணவரை விட்டுவிட்டு, நானும் ராயப்பன் அண்ணனும் போனோம்.

எங்கள் தெருதான். எங்கள் வேகத்தடை, எங்கள் அடிகுழாய், அதன் நிழலில் எங்கள் தெரு நாய். இரண்டு முனைகளிலும் அந்தக் குழிகள் வாய் திறந்து கிடந்தன. ராயப்பன் அண்ணன் ஒரு குழியின் ஓரமாகக் குந்தி வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இதுல பாதி என் கடப்பாறை" என்றார்.

தோளில் கிடந்த கட்சித் துண்டை விரித்து, மண்ணை அள்ளிப் போட்டு, சுமந்து வந்து குழியில் கொட்டினார். நான் மிதித்து இறுக்கினேன். கடைசிக் குழியும் மூடியபோது துண்டின் கரை என்ன நிறம் என்றே தெரியவில்லை. தெரு லேசாக நிமிர்ந்தது.

"இனிமே என்ன பேரு?" என்று கேட்டது. சரளைமேல் வண்டிச் சக்கரம் போகிற மாதிரிக் குரல்.

"பேரே வேணாம். தெருன்னு கூப்பிடறோம்" என்றேன்.

"பலகை?"

"நான் இருக்கிற வரைக்கும் நடவிடமாட்டேன்" என்றார் ராயப்பன் அண்ணன்.

"பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

"சரி, நடங்க" என்றது.

தெருவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதன்மேல் நடக்க வேண்டும், அது கூடவே வரும். ரயில்வே கேட்டில், தெருவின் கடைசி முனை கடக்கும்வரை ரயில் காத்திருந்தது. ஓட்டுநர் இறங்கி நின்று நாய்க்கு பிஸ்கட் போட்டார். நாங்கள் வந்ததும் இரண்டு வரிசை வீடுகளும் பின்னால் நகர்ந்து வழிவிட்டன. தெரு நடுவில் படுத்துக்கொண்டது. உமையாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் தெளித்தாள்.

தகவல் அறிந்து வியாழக்கிழமை இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பலகையோடும் கடப்பாறை ஆட்களோடும் வந்தார்கள். இரண்டு வரிசைக்காரர்களும் வெளியே வந்து நின்றோம். யார் எந்த வரிசை என்று பார்க்காமல் கிடைத்த இடத்தில் நின்றோம். ராயப்பன் அண்ணன் முன்னால் நின்றார். கடப்பாறை வைத்திருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள்.

கண்ணாடிக் கட்சிக்காரர் என் கணவரிடம் வந்தார். "நீங்க எந்தப் பக்கம், கதிரேசன்?"

"தெருப் பக்கம்" என்றார் என் கணவர்.

அவர் பொது இடத்தில் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கட்சிக்காரர்கள் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு ஆட்டோதான் இருந்தது. இரண்டு பலகைகளையும் அதிலேயே ஏற்றி, இருவரும் ஒட்டி உட்கார்ந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. இடம் போதாததால் இரண்டாம் பந்தியை ராயப்பன் அண்ணன் கூடத்தில் போட்டோம். அவரே பாயசம் பரிமாறினார். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம், "உங்க தெரு ரொம்ப அமைதியா இருக்கு. யாரு கவுன்சிலர்?" என்று கேட்டார். "இனிமேதான் யோசிக்கணும்" என்றேன். உண்மையில் முந்தின இரவெல்லாம் அதைத்தான் பேசியிருந்தோம். தேர்தலில் நிற்க ராயப்பன் அண்ணன் என் பெயரைச் சொன்னார். என் கணவர் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். தெருமுனையில் ஒரு ஆறு நின்றுகொண்டிருந்தது. நடுத்தர வயது இருக்கும். வெகுதூரம் வந்த களைப்பில் கரையோடு சாய்ந்திருந்தது. அதன் இரண்டு கரைகளிலும் பலகைக் குழிகள்.

"இந்தப் பக்கம் இடம் இருக்குமா?" என்று கேட்டது.

வீடுகளில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "கொல்லைப் பக்கமா வாங்க, மெதுவா" என்று சொல்லிவிட்டு, முன்னால் போய் எங்கள் வாழைமரத்தடியில் கிடந்த துவைகல்லை நகர்த்திப் போட்டேன்.