பாதியில் கிளம்புகிறவன்

புலவர் கண்ணை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கணினி நிரலில் வரிக்கு வரி விளக்கம் எழுதுவதால் அலுவலகம் வைத்த பெயர் அது. பார்வை மங்கிய பிறகு கணினிதான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறது. "இஃப்... பிராக்கெட்... இஃப்... பிராக்கெட்..." என்று அது ஓதிக்கொண்டே போக, பக்கத்தில் இருந்த என்னை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"தாயே, எத்தனாவது கதவுக்குள்ள நிக்கிறேன்னே தெரியல."

நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்காக நாங்கள் இருவரும் சி மொழியில் எழுதிய நிரல். வால்வு திறந்ததா, திறந்திருந்தால் மருந்து இருக்கிறதா, இருந்தால் குழாயில் காற்று இல்லையே என்று, ஒவ்வொரு சோதனையும் முந்தையதன் வயிற்றுக்குள். கண்ணுக்கு அது வலப்பக்கம் இறங்கும் படிக்கட்டு. காதுக்கு ஏது படிக்கட்டு? அவரை இதிலிருந்து எடுத்துவிட்டுக் கையேடு எழுத அனுப்பலாமா என்று மேலாளர் யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் மாற்றி எழுதினேன். வித்தை எளிது, கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். 'மருந்து இருந்தால் உள்ளே வா' என்பதை 'மருந்து இல்லையா, பிழையைச் சொல்லிவிட்டு வெளியே போ' என்று ஆக்கினால், ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். கணினி அதை வாசித்தபோது மேலாளரும் பின்னால் வந்து நின்றார்.

"அடடா, தண்ணி மாதிரி போகுது," என்றார் புலவர். அடுத்த கணமே, "நிறுத்து, நிறுத்து. காத்து இருந்தா ஒருத்தன் பாதியில கிளம்பிப் போறான்ல, வால்வை யாரு மூடுவா?"

பழையதைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். பழைய நிரலில் நல்லதோ கெட்டதோ எல்லா வழியும் கடைசி வரியில் வால்வை மூடிவிட்டுத்தான் வெளியேறும். நானோ நடுவிலேயே வாசல் வைத்துவிட்டேன். கருவி பிழை என்று கத்தும். வால்வு திறந்தே கிடக்கும். காற்று இரத்தக் குழாய்க்குள் போகும்.

"போறவன் எல்லாம் கடைசிக்குத் தாவட்டும். அங்க மூடிட்டுப் போகட்டும்."

"கோட்டூ போட்டு வேற வரிக்குத் தாவ வைக்கிறது பாவம்னு படிச்சோமே, புலவரே?"

"பாவம் என்னைச் சேரட்டும், நீ போடு."

போட்டேன். திரும்பவும் கேட்டார். ஒவ்வொரு பிழையும் அந்த ஒரே இடத்துக்கு இறங்கி, மூடிவிட்டு வெளியேறியது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கையேடு விஷயமா..."

"இன்னும் மூணு கோப்பு இப்படியே கிடக்கு, சார்," என்றார் புலவர், திரும்பாமல். "அதைக் கேட்டு முடிச்சிடவா?"

புலவர் கை நீட்டித் தடவித் திரையை அணைத்துவிட்டு, அடுத்த கோப்பை ஓதவிட்டார். கறுத்த கண்ணாடியில் எங்கள் மூவரின் முகமும் தெரிந்தது. மேலாளர் குனிந்து, கணினியின் குரலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.