பைஹார்ட்

ஜைனப்பின் விடைத்தாளில் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'காப்பி' என்று எழுதியிருந்தார் ஆங்கில வாத்தியார் ஏசுவடியான். தலைப்பு, 'நான் கண்ட அருவி'. பத்து வருடமாக அவரே வகுப்பில் சொல்லி எழுத வைக்கிற கட்டுரைதான். இதுவரை ஒருத்தியும் அதைப் பிழையில்லாமல் எழுதியதில்லை. ஜைனப் ஒரு கமாகூடப் பிசகாமல் எழுதியிருந்தாள். சந்தேகம் வந்ததே அதனால்தான்.

1962 ஜனவரி. எஸ்.எஸ்.எல்.சி. விண்ணப்பங்கள் அன்று மாலையே தென்காசிப் பள்ளியிலிருந்து தபாலில் போக வேண்டும். இந்த வருடம் தவறினால் படிப்பு போதும் என்று கடையநல்லூரில் அவளுடைய வாப்பா சொல்லிவிட்டார். தினமும் ரயிலில் அனுப்ப அவருக்குத் துணிச்சல் வந்ததே பெரிது.

விண்ணப்பத்தில் வகுப்பு வாத்தியாராகத் தன் கையெழுத்து வேண்டுமானால் மன்னிப்புக் கடிதம் தா என்றார் அவர். வாசகத்தையும் ஆங்கிலத்தில் அவரே சொன்னார். விதிகளை மறந்து, பார்த்து எழுதிவிட்டேன் என்பது அதன் பொருள்.

ஜைனப் எழுந்து நின்றாள். "ஐ பைஹார்ட்டட் இட், சார்."

வகுப்பு சிரித்தது. குற்றாலத்துச் சந்தனமாரி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அருவிச் சத்தம் கேட்கும் வீடு அவளுடையது. அந்தக் கட்டுரையில் அவள் வாங்கியது ஆறு மார்க். ஜைனப் அருவியைப் பார்த்ததேயில்லை.

"பைஹார்ட்டடா? அந்த வினைச்சொல்லை எந்த டிக்‌ஷனரில கண்டே?" வாத்தியார் கரும்பலகையில் வரிசையாக எழுதினார். மெமரைஸ், ரிமெம்பர், ரீகால், ரிடெய்ன். உருப்போடுவது ஒன்று, நினைவில் இருப்பது ஒன்று, திரும்ப வரவழைப்பது வேறு, தங்க வைத்துக்கொள்வது வேறு என்று பிரித்துச் சொன்னார். வெள்ளைக்காரன் நாலு சொல் வைத்திருக்க இவளுக்கு ஐந்தாவது கேட்கிறதாம்.

நாலில் எதிலும் தறி இல்லை என்று ஜைனப்புக்குத் தோன்றியது. சாயங்காலம் வாப்பா தறிக்குழியில் கால் போட்டு மிதிக்க, மிதிக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லுவாள். வாப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அவள் தடுக்கினால் அவர் கால் நின்றுவிடும். நிற்காமல் ஓடுகிறவரைக்கும் சொல்லிச் சொல்லி வந்ததுதான் அவளுடைய பைஹார்ட்.

"அப்படின்னா மூணாம் பத்தியைச் சொல்லு பார்ப்போம்."

ஜைனப் கண்ணை மூடினாள். சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது. குதிகால் தரையைத் தட்டியது.

"வாயே திறக்க மாட்டேங்கா, பார்த்தீங்களா," என்றார் அவர், வகுப்பைப் பார்த்து.

"பொறுங்க சார். இப்பதான் ரெண்டாம் பத்தியில வாரேன்."

யாரும் சிரிக்கவில்லை. குதிகால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு மூன்றாம் பத்தி சத்தமாக வந்தது. அருவியின் உயரம், சாரல், ஈரத் துண்டோடு நிற்கும் மாமா, எல்லாம் வாத்தியார் சொன்ன சொல்லிலேயே வந்தன. மூச்சு வாங்கும் இடம்கூட அவருடையதாக இருந்தது.

அவர் தாளை வாங்கிப் பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பதினெட்டு போட்டார். ஆனாலும் கடிதத்தை விடவில்லை. வாத்தியாரை எதிர்த்துப் பேசியதற்காவது எழுத வேண்டும், மரியாதையை மறந்துவிட்டேன் என்று.

"மறந்தேன்னு எழுத மாட்டேன் சார். நான் எதையும் மறக்கல."

"பின்ன என்னத்தை எழுதுவே?"

அவள் எழுதி நீட்டினாள். ஆங்கிலத்தில் இரண்டே வரி. நான் மறக்கவில்லை. பைஹார்ட் செய்தேன். அவர் அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மெமரைஸ் என்று திருத்தினால்தான் கையெழுத்து.

"அது போர்டுல இருக்கு சார். பார்த்து எழுதினா காப்பி ஆயிரும்லா."

சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு டஸ்டரை எடுத்து நாலு சொல்லையும் அழித்தார்.

"இப்ப எழுது."

நாலும் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். எழுத்துக்கூட்டிச் சொல்லவும் முடியும். புதுத் தாள் எடுத்து, பழைய இரண்டு வரியையே, அதே சொல்லோடு, இன்னும் பெரிய எழுத்தில் எழுதினாள். அடியில் கையெழுத்தும் போட்டு மேசைமேல் வைத்தாள்.

ஏசுவடியான் இரண்டு தரம் படித்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார்.

"இல்லாத சொல்லு," என்றார் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபடி. "ஆனா ஸ்பெல்லிங் சரியா இருக்கு."