சொந்தக் கட்டம்

பனையடிப்பட்டணத்தில் தூங்க வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும். கைப்பேசியிலேயே நிரப்பலாம். பெயர், படுக்கும் இடம், எழும் நேரம் என்று மூன்று கட்டங்கள் எல்லோருக்கும் பொது. நான்காவது அவரவர் சொந்தக் கட்டம். கேள்வியை அவரவர் வைத்துக்கொள்ளலாம். பதில் சரிதானா என்று பார்க்கும் விதியை மட்டும் நகராட்சியின் தூக்கப் பிரிவில் எழுதித் தருவார்கள்.

எழுதித் தருகிறவர் இன்பதுரை. நாற்பத்தேழு வயது. யாரிடமும் போய்ப் படிக்காமல் தானாகக் கற்றுக்கொண்ட வேலை. ‘இன்று என்ன குழம்பு’ என்று ஒருவர் கேள்வி வைத்தால், இன்பதுரையின் விதி அந்த வீட்டு அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வரும். ‘கேட்டைப் பூட்டியாயிற்றா’ என்றால் பூட்டை இழுத்துப் பார்க்கும். சட்டியைத் திரும்ப மூடாமல் வந்ததாக இதுவரை ஒரு புகார்கூட இல்லை.

ஊருக்கெல்லாம் எழுதியவர் தன் கட்டத்தைக் கடைசியாகத்தான் எடுத்தார். ‘இன்று யாரை நினைத்தாய்?’ என்று கேள்வி வைத்தார். பெயரை இட்டதும் விதி அந்த ஆளிடமே போய், ‘இன்பதுரை உங்களை இன்று நினைத்தாரா?’ என்று கேட்டு வர வேண்டும். பிரிவின் வழக்கப்படி தப்பான பெயர்களாகப் போட்டுச் சோதித்தார். பதினொரு பெயரையும் விதி தள்ளியது. செத்துப்போன கணக்கு வாத்தியாருக்கு மட்டும், கல்லறைத் தோட்டம் வரை போய்வந்ததால், கொஞ்சம் தாமதமானது. விதி கெட்டியாக இருக்கிறது என்று அன்றே நடைமுறைக்கு விட்டார்.

அதன்பிறகு பத்தொன்பது நாளாக அவர் தூங்கவில்லை. தினமும் ஒரே பெயரைத்தான் இட்டார். அதுதான் உண்மை. ‘சரியான விடையை நிரப்பவும்’ என்று சிவப்பில் வந்துகொண்டே இருந்தது.

“சரியான பேரு ஒண்ணையாவது போட்டுச் சோதிச்சீங்களா, துரை சார்?” என்று கேட்டாள் பக்கத்து மேசை மெஹருன்னிசா.

“நம்ம பிரிவுல அந்தப் பழக்கம் இல்லியேம்மா.”

“வாட்ச்மேன உள்ள வெச்சுப் பூட்டிட்டு வெளிய நிக்கீங்க. விதியத் திருத்திருங்களேன்.”

“அந்தக் கட்டத்த நிரப்பி ஒருதடவயாவது தூங்கி எந்திரிச்சவன்தான் திருத்தலாம். முறை அப்படி.”

“முறைய யாரு எழுதுனா?”

“நான்தான்.”

அவள் ஒரு ஃபைலை இழுத்துத் திறந்துகொண்டாள். இருபதாம் நாள் மதியம் மூன்று மணிக்கு இன்பதுரை வழக்கமான பெயரை இட்டுவிட்டு, விதி எங்கேதான் போகிறது பார்ப்போம் என்று அதன் பின்னாலேயே நடந்தார். தான் எழுதிய ஒன்று தெருவில் போவதை அவர் பார்த்ததில்லை. மெலிந்திருந்தது. நிழல் விழும் ஓரமாகவே நடந்தது. இரண்டு இடத்தில் நின்று வழி கேட்டது. பத்தொன்பது நாள் போய்வந்த வழியையும் புதிதாகவே கேட்கும்படிதான் அதை எழுதியிருந்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பஞ்சர்க் கடை. அண்ணன் ஞானதுரை ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் விட்டுப்போனதில் ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

விதி கேட்டது: “இன்பதுரை உங்களை இன்று நினைத்தாரா?”

“தெரியாது,” என்றார் ஞானதுரை, தலையைத் தூக்காமல். “நேத்தும் இதத்தான் சொன்னேன்.” பிறகு தம்பியைப் பார்த்தார். “ஓ, இன்னைக்கு ஆளும் வந்தாச்சா.”

“தெரியாதுன்னா சொல்லி அனுப்புற?”

“பொறவு? நீ நெனச்சது எனக்கு எப்படிலே தெரியும்? தந்தியா அடிச்ச?”

தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. அண்ணன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார். விதி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. கட்டத்தை ஒரு நாளைக்கு ஒருமுறைதான் நிரப்பலாம்; அது திரும்பிப் போய்விட்டால் நாளை வரை காத்திருக்க வேண்டும்.

“நெனச்சேன்,” என்றார் இன்பதுரை.

“எப்போ?”

“காலைல பதினொண்ணரைக்கு. டீ குடிக்கும்போது.”

“என்னன்னு?”

“டீ ஆத்தும்போது நீ பாதிய வெளிய ஊத்துவியே. அது.”

ஞானதுரை ட்யூபை ஒருமுறை முறுக்கிப் பிழிந்தார். “பாதி இல்லலே. கொஞ்சம்,” என்றார். பிறகு விதியிடம் திரும்பி, “நெனச்சானாம். எழுதிக்கோ,” என்றார்.

விதி வழி கேட்காமல் திரும்பிப் போனது. இன்பதுரையின் கைப்பேசியில் கட்டம் பச்சையானது.

ஐந்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் சாக்கு மூட்டைகளை இறக்கினார்.

“விட்டுப்போன தூக்கம் சார், பத்தொம்பது மூட்டை. ஒண்ணு மட்டும் வழியில நனஞ்சுட்டு. மொட்டை மாடியில காயப் போட்டுருங்க.”

இன்பதுரை பதினெட்டைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். நனைந்ததை மாடிக்குத் தூக்கிப்போய்ப் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் மெல்லியதாகப் பரப்பினார். ஒரு காகம் வந்து ஓரத்தில் கொத்தியது. இரண்டாவது கொத்துக்குத் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. இன்னும் நான்கு வந்து இறங்கின. அவர் விரட்டவில்லை. எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும்படி வேட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.