சாம்பல் குதிரைக்கு ஈடாக வந்த கார்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நரின் நகரத்தில், எங்கள் சமையலறை மேசையில், பெக்தூர் நாளைக் காலை எங்கள் குதிரையைத் திருப்பிக் கொண்டுவருகிறான் என்று சேதி வந்த அரைமணி நேரத்தில் பிறந்தது. அவன் வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

முப்பத்தோரு வருடம் வானிலை நிலையத்தில் வெப்பமானியைப் பார்த்து எழுதியவன் நான். மைனஸ் இருபத்தேழு புள்ளி நான்கு என்றால் நான்குதான். ஐந்து என்று எழுத அதிகாரம் கிடையாது. ஓய்வு பெற்ற மறுநாள் கடைத்தெருவில் ஒருவரை நிறுத்தி, "இன்னிக்கு மைனஸ் எழுபது" என்றேன். அடடா, என்ன சுகம்! அன்று தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. ஆகவே வாசகரே, இதில் வரும் எண்களை நம்ப வேண்டாம். மற்றதை நம்பலாம்.

2

முதல் தொடக்கம்: "இலையுதிர்காலப் பொன்னொளியில் ஒரு வெள்ளைக் கார் ஏக்கத்தோடு" [அடித்துவிட்டேன். காருக்கு என்ன ஏக்கம்?]

இரண்டாம் தொடக்கம்: "பெக்தூர் நேர்மையானவன்." [இது இப்போதைக்கு வேண்டாம்.]

மூன்றாவது, வெறும் விவரம். தெருக்கோடியில் குடியிருக்கும் பெக்தூர் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். அவனிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட் கார் ஒன்று கூடுதலாக இருந்தது. பாதி பெட்ரோல், பாதி மின்சாரம். என் மனைவி காலிமானிடம் சாம்பல் நிறப் பெண்குதிரை இருந்தது. அதன் புளித்த பாலுக்காகச் சீன எல்லைவரை வரிசை நிற்கும். (சரி, பக்கத்துத் தெருவரை.) எனக்கோ, கொச்கோரில் இருக்கும் சம்பந்தி வீட்டார் முன்னால் மினிபஸ்ஸிலிருந்து இறங்கி இறங்கி மானம் போயிருந்தது.

"அண்ணே, இது பெட்ரோலை மோந்துதான் பாக்கும். குடிக்காது," என்றான் பெக்தூர்.

"ரிப்பேர் வந்தா?" என்றாள் காலிமான்.

"வராது அக்கா."

"வந்தா?"

"நம்ம இசாக் இருக்காரே."

"அவர் மாட்டு வைத்தியராச்சே!"

"அதனாலதான் சொல்றேன். பயப்படாம கையை விடுவாரு."

காலிமான் அன்று முழுக்கக் குதிரையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க மானம் எனக்கும் மானந்தானே, குதிரைய ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள். கால்நடையை விற்றாலும் தலைக்கயிற்றைக் கொடுக்கக்கூடாது, வீட்டு யோகம் கூடவே போய்விடும். அதனால் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவைத்தாள். பெக்தூரும் விட்டுக்கொடுக்காமல் சாவிவளையத்தைக் கழற்றிக்கொண்டு சாவியை மட்டும் தந்தான்.

(இசாக்கை வேறு தொழிலுக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாட்டு வைத்தியர் ஹைபிரிட் கார் பார்க்கிறார் என்றால் எந்த வாசகர் நம்புவார்? ஆனால் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான் பார்க்கிறார். பேட்டரியில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார் என்பது மட்டும் நான் சேர்க்கப்போவது.)

3

வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் உள்ளே ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாள். காலிமான் மரியாதை தெரிந்தவள். "சரிம்மா, நீயும் நல்லா இரு," என்பாள்.

ஆறு வாரம் தேர் மாதிரி ஓடியது. பிறகு சம்பந்திகளை விருந்துக்கு அழைத்துவர நாங்கள் இருவரும் கொச்கோர் போனோம். திரும்பும் வழியில், தொலோன் கணவாயின் ஏற்றத்தில், சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஜப்பானியப் பெண் எதையோ பதறிச் சொன்னாள். வண்டி நின்றது. சம்பந்தியம்மா வெல்வெட் அங்கியோடு இறங்கித் தள்ளினார். பின்னால் நானூறு லாரிகள். (சரி, மூன்று.)

"சம்பந்தி," என்றார் அவர், மூச்சு வாங்க. "பாதி பெட்ரோல், பாதி மின்சாரம்னு சொன்னீங்க. நாங்க எந்தப் பாதி?"

வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்தோம். இசாக் பின்சீட்டைக் கழற்றி, பேட்டரியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, "பாதி செத்துடுச்சு," என்றார். உதிரிபாகம் நரினில் கிடையாது. தலைநகர் பிஷ்கெக்கில், விபத்தான வண்டிகளைப் பிரித்துப்போட்டு விற்கும் சந்தையில் காத்திருக்க வேண்டும். "எங்கயாவது இதே வண்டி ஒண்ணு நல்லா அடிபடணும்னு வேண்டிக்குங்க அண்ணே."

காலிமான் கடைத்தெருவில் நின்று பெக்தூரின் ஏழு தலைமுறையை விசாரித்தாள். அன்றிலிருந்து அவன் வண்டியில் யாரும் ஏறுவதில்லை. அவன் எங்கள் வாசலுக்கு வந்தான்.

"அண்ணே, நான் குடுத்தப்போ வண்டி நல்லா இருந்துச்சு. ஆனா எண்ணைத் தவிர வானிலைக்காரர் வாயில தப்பு வராதுன்னு ஊரே சொல்லுது. கெட்ட வண்டியத்தான் குடுத்தேன்னு நீங்க சொல்லுங்க, குதிரையக் கொண்டாந்து கட்டிடறேன்."

நான் அவனிடம் சொன்னது என்னவென்றால், நான் அப்போது

[இந்த வாக்கியம் இவ்வளவுதான் வருகிறது. தலையாட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

4

பெக்தூர் வாசலுக்கு வருவதற்கு முன்பே, பின்சீட்டை ஒட்டி ஒரு சிறிய சல்லடைத் துளை இருந்ததை இசாக் எனக்கு மட்டும் காட்டினார். அதற்குள்ளிருந்து இடுக்கியால் ஒரு கம்பளித் துண்டை உருவினார். பிரசவத்தில் கன்றை இழுப்பது போல, நிதானமாக.

"அண்ணே, பேட்டரி சூடு தணிய மூச்சு விடுற வழி இது. யாரு அடைச்சது?"

முதல் உறைபனி விழுந்த அன்று அந்தத் துளைக்கு நேரே கை வைத்துப் பார்த்தேன். காற்றோட்டம் தெரிந்தது. எங்கள் ஊரில் காற்று வரும் ஓட்டையைக் கண்டவன் என்ன செய்வான்? ஜன்னல், கதவு, கூடாரம், எங்கே கண்டாலும் கம்பளியைத் திணிப்பான். நானும் திணித்தேன். குச்சியால் குத்தி, இறுக்கமாக.

"குளிருமேன்னு..." என்றேன்.

"ஆட்டுக்குட்டியா அண்ணே இது?" என்றார் இசாக். பிறகு, "நோயாளியப் பத்தி நான் வெளிய பேசறதில்ல," என்று கை கழுவப் போனார்.

இந்தப் பகுதியில் ஒரு எண்ணைக்கூட நான் கூட்டவில்லை.

5

முடிவு ஒன்று: பேசாமல் இருக்கிறேன். நாளை குதிரை வருகிறது. காலிமான் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். பெக்தூர் திருடன் என்ற பெயரோடு காலி வண்டியில் ஊரைச் சுற்றுகிறான். நான் பால் குடிக்கிறேன். [எழுதிப் பார்த்தேன். பால் இறங்கவில்லை.]

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறேன். குதிரை எங்கள் வாசல்வரை வந்து, அவள் கண்ணெதிரே திரும்பிப் போகிறது. இனி வராது. [இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை.]

முடிவு மூன்று: பேட்டரி தானாகவே குணமாகிறது. [வெட்கமாக இருக்கிறது.]

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்று ஒரு வழி உண்டு. எழுதத் தெரியாதவர்கள் செய்வது என்று நினைத்திருந்தேன். வாயால் சொல்லத் தெரியாதவர்களும் செய்யலாம் போலிருக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். மாவுக் கையைத் துடைத்துவிட்டு, என் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கிறாள். முதல் பக்கங்களைக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சம்பந்தியம்மா வரும் இடத்தில் மேசை ஆடச் சிரித்தாள்.

"பொய்யி! அவங்க எங்க தள்ளினாங்க? சும்மா கூட நடந்துதானே வந்தாங்க!"

இப்போது மூன்றாம் பகுதியின் கடைசி வரியில் இருக்கிறாள். நான் தலையாட்டிய வரி. அதை மறுபடியும் படிக்கிறாள். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த பக்கத்துக்காகக் கையை நீட்டுகிறாள்.

கொடுக்கிறேன்.